கேட்ட பாடம் கிடையாதபோது

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



கணினி விஞ்ஞானம் படிக்க விரும்பி, அது மறுக்கப்பட்ட மாணவர் வேறெந்தப் பல்கலைக்கழகத்தை நாடலாம் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இதுபற்றிப் பேச என்னிலும் தகுதி வாய்ந்த ஆசிரியர்கள் பலர் இச்சபையில் வீற்றிருக்கின்றார்கள். ஆயினும் காரியதரிசி அவர்கள் என்னைத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. நான் முதலாவதாகக் கேட்ட கணினி விஞ்ஞான நெறி எனக்குக் கிடைக்கவில்லை. இன்று வேறொரு மாகாணத்திலே பௌதிக விஞ்ஞான மாணவனாகப் படிக்கின்றேன். கிடைத்தவனை அழைத்தால் கிடைத்த கதையைச் சொல்லுவான். கிடையாதவனே வழிகளைத் தேடியிருப்பான் என்று காரியதரிசி எண்ணினார் போலும்.

பெறுபேறு வந்த நாளிலிருந்து வெட்டுப்புள்ளி வெளிவரும் நாள்வரை எங்கள் வீடுகளில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். அயலவர் கேட்பார், உறவினர் தொலைபேசியிற் கேட்பார், வீதியிற் சந்திப்பவரும் கேட்பார். "தம்பிக்குக் கம்பஸ் கிடைக்குமோ?" என்பது முதற் கேள்வி. கிடைத்தது என்றால், "எந்தக் கம்பஸ்?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியாகிய "அங்கே என்ன படிப்பிக்கின்றார்கள்?" என்பதை ஒருவரேனும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நான் இன்று பேசவிருப்பது அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியே.

முதலில் மறுப்பு என்பது என்னவென்று பார்ப்போம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் நாம் பெறும் புள்ளிகள் அப்படியே கணக்கிற் கொள்ளப்படுவதில்லை. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரி 50, நியமவிலகல் 10 என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 பெற்றவன் சராசரிக்கு மேலே இரண்டு நியமவிலகல் தூரத்தில் நிற்கின்றான். கடினமான வேறொரு பாடத்திற் சராசரி 35, நியமவிலகல் 15 ஆயின், அங்கே 65 பெற்றவனும் அதே இரண்டு தூரத்திலேயே நிற்கின்றான். மூன்று பாடங்களிலும் இவ்வாறு கண்ட பெறுமானங்களின் சராசரியே இசற் புள்ளி. நான்கு தசமதானம் வரை அது கணிக்கப்படுகின்றது. அப்புறம் இடங்களைப் பங்கிடும்போது, பெரும்பாலான நெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன.

1970களின் தரப்படுத்தலைக் கண்ட பெரியோர்கள் இங்கிருக்கின்றார்கள். அக்காலத்தில் எத்தனை வாலிபர் உள்ளத்திலே அது காயம் விளைத்தது என்பதை அவர்கள் எமக்குச் சொல்லியிருக்கின்றார்கள். இன்றைய முறை அதுவன்று. குறையற்ற முறை என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரே புள்ளி பெற்ற இருவரில் ஒருவர் ஒரு மாவட்டத்திலிருந்து உட்செல்ல, மற்றவர் வேறொரு மாவட்டத்திலிருந்து வெளியே நிற்பது இன்றும் நடப்பதுதான். ஆனால் நண்பர்களே, நான்காம் தசமதானத்திலே தவறவிட்ட ஒருவனுக்கும் அதே தசமதானத்திலே தப்பிப் பிழைத்த ஒருவனுக்கும் மூளையில் என்ன வேற்றுமை இருக்க முடியும்? அந்தப் புள்ளி ஒரு வரிசையில் நீங்கள் நின்ற இடத்தைச் சொல்லுகின்றது. உங்களாற் கணினி விஞ்ஞானம் படிக்க இயலுமா என்பதை அது சொல்லவில்லை; சொல்லவும் முடியாது.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் ஒரு கையேடு வெளியிடுகின்றது. அது தமிழிலும் உண்டு. தடித்த புத்தகம், எங்களிற் பலர் அதன் கடைசிப் பக்கங்களிலுள்ள வெட்டுப்புள்ளி அட்டவணையை மாத்திரம் பார்த்துவிட்டு மூடிவிடுகின்றோம். நான் பாதிரிமார் நிறுவிய கல்லூரியொன்றிற் படித்தவன். அங்கே எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த வயோதிப ஆசிரியர், வினாத்தாளின் தலைப்பிலுள்ள அறிவுறுத்தலை இரண்டு தரம் வாசிக்கும்வரை பேனாவைத் தொடவிடமாட்டார். அப்போது அது தொந்தரவாயிருந்தது. கையேட்டை முதற் பக்கத்திலிருந்து வாசித்தபோதுதான் அந்தத் தொந்தரவின் பெறுமதி எனக்குத் தெரிந்தது.

கையேட்டை வாசிப்பவனுக்கு விளங்கும் முதலாவது செய்தி, கணினிக் கல்வி ஒரே பெயரில் இல்லை என்பது. கணினி விஞ்ஞானம் என்ற பெயரிலேயே கொழும்பில் மாத்திரமன்றி யாழ்ப்பாணத்திலும், ருகுணையிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் நெறிகள் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலேயே தகவல் முறைமைகள் என்று இன்னொரு நெறியிருக்கின்றது. மொறட்டுவையிலே 2001ஆம் ஆண்டில் தகவல் தொழினுட்பத்துக்கெனத் தனிப்பீடம் அமைந்தது. களனியில் மென்பொருட் பொறியியலும், முகாமைத்துவத்தோடு சேர்ந்த தகவல் தொழினுட்பமும் உண்டு. சப்ரகமுவவிலும் கணினி நெறிகள் நடைபெறுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலே தகவல் தொழினுட்பப் பட்டம் பெறலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வெட்டுப்புள்ளி வேறு.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இவையன்று. பௌதிக விஞ்ஞானம் என்ற பெயருக்குள்ளே மறைந்திருக்கும் வழியைத்தான். பேராதனையிலே புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமும் ஒரே துறையாக இயங்குகின்றன. அங்கே பௌதிக விஞ்ஞானத்துக்குச் செல்லும் மாணவன் கணினி விஞ்ஞானத்தைத் தன் பாடங்களில் ஒன்றாக எடுக்கலாம். யாழ்ப்பாண விஞ்ஞான பீடத்திலும் பௌதிக விஞ்ஞான மாணவருக்கு அப்பாடம் உண்டு. தேறிய புள்ளிகள் நன்றாயிருப்பின், பின்னர் சிறப்புக் கற்கைக்கு விண்ணப்பிக்கவும் வாய்ப்புண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர் "பையனுக்குக் கணினி கிடைக்கவில்லை, சும்மா விஞ்ஞானந்தான் கிடைத்தது" என்று சொல்லுவார். பையனோ உள்ளே வழிமுறைகளும் தரவுக் கட்டமைப்பும் படித்துக்கொண்டிருப்பான். நானும் அவ்வாறு படிப்பவர்களில் ஒருவனே. பக்கத்து அறையிற் கணிதமும் புள்ளிவிபரவியலும் படிக்கின்றேன். இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுத்தல் என்று இன்று உலகம் ஆரவாரம் செய்யும் வித்தை, நிகழ்தகவும் நேர்கோட்டு அட்சரகணிதமும் அறியாதவனுக்குப் பிடிபடாது. ஆகவே சும்மா விஞ்ஞானம் என்று சொல்லப்படுவதை நான் அவ்வளவு சும்மாவாக எண்ணுவதில்லை.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. இலங்கையிற் கணினிக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அவர்கள் கணினி விஞ்ஞானத்திற் பட்டம் பெற்றவரல்லர். அவர் மாணவராயிருந்தபோது அப்படியொரு பட்டம் இந்நாட்டில் இருந்ததுமில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்று, இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று வந்தவர் அவர். கொழும்பிலே புள்ளிவிபரவியலோடு ஒட்டித்தான் கணினித் துறை 1985இற் பிறந்தது. 2002இல் அது கணினிக் கல்லூரியாக வளர்ந்தபோது அதன் முதற் பணிப்பாளரும் அவரே. 2007இற் காலமானார்.

விருப்ப வரிசை எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. "போன வருடம் இந்த நெறிக்கு இவ்வளவு, எனக்கு அதிற் குறைவு, ஆகவே அதைக் கீழே போடுவோம்" என்று ரியூற்றறி வாசல்களிலே கணக்குப் பார்க்கப்படுகின்றது. போன வருடப் புள்ளி போன வருடத்துப் பிள்ளைகளுடையது. உங்கள் புள்ளிக்கு எட்டக்கூடிய நெறிகளுள் மேலே எழுதப்பட்டதே உங்களுக்கு வழங்கப்படும். எட்டாத ஒன்றை மேலே எழுதியதனாற் கீழேயுள்ளது பறிபோவதில்லை. எனவே உண்மையான விருப்பத்தின்படி எழுதுங்கள். மேலும், வரிசையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

இவ்விடத்திலே தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பம். பெண்பிள்ளைக்கு ருகுணையோ சப்ரகமுவவோ கிடைத்தால் "அவ்வளவு தூரம் எப்படி விடுவது?" என்று தயங்குகின்றீர்கள். தயக்கம் அன்பினால் வருவது; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பாஷை தெரியாது என்ற காரணத்தை மாத்திரம் நீக்கிவிடுங்கள். கணினி நெறிகள் யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலத்தில், மாத்தறையிலும் ஆங்கிலத்தில். விரிவுரை மண்டபத்திலே சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே ஆங்கிலத்தோடுதான் மல்லுக்கட்டுகின்றார்கள். எங்கள் விடுதியில் நள்ளிரவிலே நிரற் பிழை தேடும்போது, எவர் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்பதில்லை; பிழை எங்கே என்றுதான் கேட்கின்றார்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகம் எதுவுமே கிடையாதவர் என் செய்வது? அவர்களைத்தான் நான் அதிகம் நினைக்கின்றேன். மூன்று தடவை பரீட்சை எழுத விதியுண்டு. இரண்டாம் முறை எழுதுவதை நான் தடுக்கமாட்டேன். மூன்றாம் முறைக்கு மட்டும், அதுவும் வேறொன்றும் செய்யாமல் வீட்டிலிருந்து எழுதுவதற்கு, நான் மனமொத்துச் சம்மதியேன். பரீட்சை, பெறுபேறு, அனுமதி என்று வருடங்கள் கழிகின்றன. அந்த வருடங்களிலே படிக்கக்கூடிய பட்டங்கள் வேறு இருக்கின்றன.

கொழும்புக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் தகவல் தொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டமொன்றை நடத்துகின்றது. உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்தவர் சேரலாம். அஃதில்லாதவருக்கும் அடிப்படைத் தகவல் தொழினுட்பத் தேர்வு எழுதி உட்செல்ல ஒரு வழியுண்டு. முதற் படி முடித்தவர் டிப்புளோமாவுடனும், இரண்டாம் படி முடித்தவர் உயர் டிப்புளோமாவுடனும் வெளியேறலாம். இடையில் நிற்க நேர்ந்தாலும் வெறுங்கையோடு நிற்கவேண்டியதில்லை. மொறட்டுவையிலும் இத்தகைய வெளிவாரிப் பட்டம் உண்டு. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்துக்கு நாவலவிலே தலைமையகமும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களிலே நிலையங்களும் இருக்கின்றன. மென்பொருட் பொறியியற் பட்டத்தை அங்கே தொழில் செய்துகொண்டே படிக்கலாம்.

வெளிவாரி என்றவுடன் சிலர் முகஞ்சுளிக்கின்றார்கள். இந்த முகச்சுளிப்பு எங்கிருந்து வந்ததென்று எனக்குப் புரிவதில்லை. 1921இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, எங்கள் பாட்டன்மார் எழுதியவை இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைகளே. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் படித்து, யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே தாமாகப் படித்து, 1920இல் இலண்டன் பி.எஸ்.ஸி. பட்டம் பெற்றார். அவரே பின்னர் விபுலாநந்த அடிகளாகி, 1931இல் அண்ணாமலையிலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் வீற்றிருந்தவர். விஞ்ஞானப் பட்டதாரி தமிழ்ப் பேராசிரியரானார் என்பதையும் கவனியுங்கள். வாசிப்பறையும் இணையமும் கையிலுள்ள நமக்கு, மண்ணெண்ணெய் விளக்கிற் படித்த தலைமுறையின் வழி இழிவாகப்படுவது விந்தைதான்.

தனியார் நிறுவனங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவற்றில் நல்லன உண்டு. ஆனால் காணியை ஈடுவைத்துப் பணம் கட்டுமுன் பெற்றோர் இரண்டு காரியம் விசாரிக்கவேண்டும். பட்டம் அந்த நிறுவனத்தினுடையதாயின், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்றதா? வெளிநாட்டுப் பட்டமாயின், அதை வழங்கும் பல்கலைக்கழகம் மானியங்கள் ஆணைக்குழுவினால் ஏற்கப்படுவதா? விளம்பரத்திலே "அங்கீகாரம் பெற்றது" என்றிருந்தாற் போதாது. எவரால், எந்தப் பட்டத்துக்கு என்று கடிதத்திற் கேளுங்கள். பதில் எழுதத் தயங்கும் இடத்திலே பணத்தைக் கட்டாதீர்கள். உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடையாத மாணவருக்கு வட்டியில்லாக் கடன் திட்டமொன்று 2017இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் கீழ் எவ்வெந் நிறுவனம், எவ்வெப் பட்டம் என்பதையும் ஈடு வைப்பதற்கு முன்னரே விசாரித்தறிதல் நன்று.

எந்த இடமாயினும், சேருமுன் அதன் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பின்னக் கணிதம் இருக்கின்றதா? வழிமுறைகள், பணிசெயல் முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு இருக்கின்றனவா? இறுதி ஆண்டிலே மாணவன் தானே ஒன்றைச் செய்துகாட்டும் செயற்றிட்டம் உண்டா? இவை இருந்தால் வாசலிற் பொறித்த பெயர் என்னவாயினும் உள்ளே நடப்பது கணினிக் கல்விதான். இவை இல்லாமல் மென்பொருட்களின் பெயர்களே நிரம்பியிருந்தால், அம்மென்பொருட்கள் மாறும்போது படிப்பும் பழையதாகிவிடும்.

கையேட்டின் தமிழ்ப் பிரதி ஒன்றையும், நான் சொன்ன நெறிகள் சிலவற்றின் பாடத்திட்டப் பிரதிகளையும் வாசிகசாலை மேசையிலே வைத்திருக்கின்றேன். எடுத்துச் செல்லவேண்டாம், அங்கேயே இருந்து பாருங்கள். விடுமுறை முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கின்றது. மாலை ஐந்து மணிக்குப் பின் நானும் அங்கேதான் இருப்பேன். விண்ணப்பம் நிரப்பவேண்டியவர்கள் பெற்றோருடன் வரலாம்.