சத்தத்தை நிறுத்திப் பாருங்கள்

போன வாரம் மூலக்குளத்தில் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா பேரன் பேய் தேடும் டிவி நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிட்டுத் தலையணையைக் கட்டிக்கொண்டான். நான் ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். பச்சை வெளிச்சத்தில் ஒரு பெண் வாயைத் திறந்து திறந்து மூடினாள். "தாத்தா, இப்ப பயமாவே இல்லியே!" என்றான், ஏமாற்றத்தோடு. வானொலிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

இங்கிலாந்தில் 2002இல் வந்த ‘மோஸ்ட் ஹான்டட்’ இந்த வகையில் பேர்போனது. சிறுவர் நிகழ்ச்சியில் ஊருக்கே பழகிய இவெட் ஃபீல்டிங் அதன் தொகுப்பாளர். இந்தியாவில் 2010இல் எம்டிவி ‘கேர்ள்ஸ் நைட் அவுட்’ நடத்தியது, தொகுப்பாளர் ரண்விஜய். தெரிந்த முகம் எதற்கு என்கிறீர்களா? பேய் எப்படியும் கேமரா முன்னால் வரப்போவதில்லை. பயப்படுகிற முகமாவது தெரிந்த முகமாக இருக்க வேண்டாமா?

‘மோஸ்ட் ஹான்டட்’ குழுவில் சியாரன் ஓகீஃப் என்ற உளவியல் ஆய்வாளர் இருந்தார். ஆவியோடு பேசுவதாகச் சொன்ன டெரெக் அகோராமேல் அவருக்குச் சந்தேகம். ‘கிரீட் கேஃபர்’ என்று, பிறக்கவே பிறக்காத ஒரு சிறைக் காவலரின் பெயரை இட்டுக்கட்டினார். படப்பிடிப்புக்கு முன் அது அகோராவின் காதில் விழும்படி செய்தார். கேமரா ஓடியதும் அந்தக் காவலரின் ஆவியே அகோராமேல் இறங்கிவிட்டதாம்! அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ‘டெரெக் ஃபேக்கர்’: போலி டெரெக். அத்தனை வருஷ நிகழ்ச்சியில் நடந்த ஒரே உண்மையான துப்பறிதல் இதுதான் என்பேன். 2005இல் இது பத்திரிகையில் வந்தது. புகார்களை விசாரித்த ஒளிபரப்பு ஆணையமும் அதே ஆண்டு, இது ஆய்வு அல்ல, பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டது.

நம்ம புதுச்சேரியிலும் ஒரு கதை உண்டு. 1921 டிசம்பர். பிரான்சுவா மர்த்தேன் வீதியில் அரவிந்தர் குடியிருந்த வீட்டுக்குள் கல் விழ ஆரம்பித்தது. அந்தமான் சிறையிலிருந்து மீண்ட உபேந்திரநாத் பானர்ஜி யாரோ குறும்பு செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார், ஆள் அகப்படவில்லை. போலீஸ் வந்தது, அவர்கள் பக்கத்திலும் ஒரு கல் பறந்தது, திரும்பிப் போய்விட்டார்கள். வேலையை விட்டு நீக்கப்பட்ட சமையல்காரர் வைத்த ஏவல் என்றே ஆசிரமத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லெல்லாம் ஒரு வேலைக்காரப் பையன் இருக்கும் பக்கமாகவே விழுந்ததையும் அவர்களே குறித்திருக்கிறார்கள்.

பையனை வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள். கல் நின்றது.