தாயாகி வந்த கருணை

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற மகளிர் நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)



திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். பேறுகால வேதனையில் தனித்திருந்தாள் இரத்தினாவதி என்னும் பெண். காவிரியில் வெள்ளம் பெருகியதால் அவளுடைய தாய் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். அப்போது இறைவனே அத்தாயின் உருவில் வந்து பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. எல்லாம் வல்லவன் நினைத்த மாத்திரத்தில் வலியை நீக்கியிருக்கலாம். ஆயினும் தாயாகவே வந்தான். கூச்சமின்றித் துன்பத்தைச் சொல்ல ஒருத்தி அருகில் இருப்பதே அவளுடைய முதல் தேவை. மகளிர் மருத்துவத்தின் உயிர்நிலையும் அதுவே.

பூப்பு நீராட்டு விழாவைச் சிறப்பாக நடத்தும் குடும்பங்கள் பல. விழா முடிந்தபின், மாதந்தோறும் அச்சிறுமி படும் வலியைக் கேட்பார் சிலரே. 'பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்' என்னும் சொல்லே மருந்தாகத் தரப்படுகிறது. பள்ளிக்குச் செல்ல இயலாத வலியும் அளவுமீறிய உதிரப்போக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. மணமாகாத பெண்ணை அழைத்துச் செல்லத் தாய்மார் அஞ்சுவதுண்டு. அத்தகைய பெண்ணுக்குப் பெரும்பாலும் வயிற்றின்மேல் கருவியை வைத்து எடுக்கும் ஸ்கேனே போதுமானது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்னும் கிருமியே பெரும்பாலும் காரணம். அதைத் தடுக்கும் ஊசி மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவியருக்கு 2010ஆம் ஆண்டு முதல் போடப்பட்டு வருகிறது. மணமான பெண்கள் பேப் ஸ்மியர் சோதனையை அரசாங்கச் சுகாதார நிலையங்களில் செய்துகொள்ளலாம். கூச்சம் மிகுந்தோர், தாமே தனிமையில் மாதிரி எடுத்துத் தரும் எச்.பி.வி. சோதனையும் நடைமுறைக்கு வந்துள்ளது. 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் மறுமுறை என நூற்றுக்கு 70 பெண்களையேனும் சோதிக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. இந்நோய் முற்றுவதற்குப் பல்லாண்டுகள் ஆகும். ஆகவே, உரிய காலத்தில் செய்யும் சோதனை உயிர் காக்கும்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் அதைப் புறக்கணித்தலாகாது. மகனிடம் சொல்ல இயலாமல், மருமகளிடம் சொல்ல வெட்கி, இரவில் துணியைத் துவைத்து மறைக்கும் மூதாட்டியர் இருக்கின்றனர். அந்த மௌனம் அவர்தம் உயிரையே விலையாகக் கேட்கக்கூடும்.

மருத்துவர்க்கும் தாதியர்க்கும் கடமை உண்டு. செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லுதல், இசைவு கேட்டல், திரையிட்டு மறைத்தல், பெண் துணை ஒருவரை அருகில் நிறுத்துதல், 'போதும்' என்றவுடன் நிறுத்துதல் ஆகியன சலுகைகள் அல்ல, பெண்ணின் உரிமைகள். கடிந்து பேசப்பட்ட பெண் மறுமுறை வரமாட்டாள், நோயை மறைப்பாள்.

ஆடவர்க்கும் பங்குண்டு. சந்நிதியில் தாயே என்று கைகூப்புவோர், இல்லத்திலுள்ள தாயிடமும் தாரத்திடமும் மகளிடமும் 'உடம்புக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாராக. இறைவன் வெள்ளத்தைக் கடந்து வந்தான். இல்லத்தார் கடக்க வேண்டியது கூச்சம் ஒன்றே.

அம்பிகை எல்லாரையும் காத்தருள்வாளாக.