முதலில் காயம் கட்டினான்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் புதிய கட்டடத்தையோ புதிய கருவியையோ உங்களுக்குக் காட்டுவோம். இம்முறை எங்களிடம் இருப்பது ஒரு ரப்பர் பொம்மை மட்டுமே. அதுவும் பழையது. அதைப் பற்றித்தான் பேச நிற்கிறோம்.

2019ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு தாயை நல்ல பாம்பு தீண்டிற்று. வீட்டார் மந்திரிக்க ஓடவில்லை, வேர் தேடவில்லை. நேரே பக்கத்து ஊர் டாக்டரிடம் கொண்டு போனார்கள். அவர் முப்பது வருஷமாக அந்த வட்டாரத்துக்கே வைத்தியர். இரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர். அந்தத் தாயின் கண்ணிமைகள் சொருகுவதைக் கண்டதும், இங்கே வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்லித் தாமும் காரில் ஏறிக்கொண்டார். நாற்பது கிலோமீட்டர். பாதி வழியில் மூச்சு நின்றது. எங்கள் வாசலுக்கு வந்தபோது உயிர் இல்லை.

அன்றிரவு வெளி வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "ஐயா, என் அலமாரியில் ஆம்பு பேக் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. படிப்பு முடிந்தபின் அதைத் தொட்டதே இல்லை" என்றார். ஜெபிக்க வாய் திறந்தோம், வார்த்தை வரவில்லை.

நல்ல பாம்பின் விஷம் சுவாசத் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. இருதயம் அதற்குப் பின்னும் சற்று நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பையை அழுத்தி அழுத்திக் காற்று கொடுத்துக்கொண்டே வந்தால், விஷமுறிவு மருந்து வேலை செய்யும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கலாம். இது அந்த டாக்டருக்குத் தெரியாததல்ல. தெரிந்தது கைக்கு வரவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவசர சிகிச்சையை ஒரு தனித் துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றதே 2009ஆம் ஆண்டில்தான். காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று நாள் முழுதும் பார்க்கும் ஒரு பொது மருத்துவருக்கு, மூச்சு நின்ற மனிதர் எப்போதோ ஒருமுறைதான் வருவார். பயிற்சி பெற்றவர்களுக்கும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் கைத்திறன் மங்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறைகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. ஆனால் அதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டே முடித்துவிடலாம்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயலில் விழுந்தது. மனைவி மாண்டார், பிள்ளைகள் நால்வரில் மூவருக்குப் படுகாயம். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை, வயலில் தாம் வெறுங்கையால் செய்ததைவிடக் குறைவாயிருந்ததை அவர் கண்டார். அந்தத் துக்கம் வீணாய்ப் போகவில்லை. கிராமப்புற மருத்துவர்களுக்காக 1978இல் ஒரு பயிற்சி தொடங்கியது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்க, இன்று உலகமெங்கும் ஏ.டி.எல்.எஸ். என்ற பெயரில் நடக்கிறது. அதன் சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு மறுபடியும் கற்க வேண்டும்.

எங்கள் வகுப்பு அவ்வளவு பெரியதல்ல. 2021 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டார டாக்டர்கள் தங்கள் நர்சுகளோடு வருகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், பொம்மையின் மார்பை அழுத்துகிறார்கள். ஊசி மருந்து ஒவ்வாமல் மயங்குகிறவருக்குத் தொடையில் அட்ரினலின் போடவும், நெஞ்சுவலிக்காரரை அனுப்புமுன் செய்யவேண்டியதைச் செய்யவும் பழகுகிறார்கள். முழங்காற்படியிடுவது எங்கள் தொழில் என்று இருந்தோம். தலை நரைத்த டாக்டர்கள் வியர்க்க வியர்க்க முழங்காலில் நிற்பதைப் பார்க்கையில் எங்கள் ஜெபம் சோம்பலாய்த் தெரிகிறது. முதலில் மண்டியிடுகிறவர், நாங்கள் முன்பு சொன்ன அதே டாக்டர்.

2024இல் குளவி கொட்டி முகம் வீங்கி மூச்சுத் திணறிய ஒரு பள்ளிச் சிறுவனுக்கு அவர் தாமதமின்றி அட்ரினலின் போட்டு அனுப்பினார். பையன் மறுநாள் எங்கள் வார்டில் இட்லி கேட்டான். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

எல்லாரும் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்கமாட்டோம். அதே ஆண்டில் வேறொரு டாக்டர், மாரடைப்பு வந்த ஒருவருக்கு வழி நெடுக மார்பை அழுத்திக்கொண்டே வந்தார், அவர் பிழைக்கவில்லை. ஆனால் அவருடைய மூத்த மகன் அந்த டாக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். துக்க வீடுகளில் பல ஆண்டுகள் உட்கார்ந்து நாங்கள் கற்றது இதுதான்: செய்யவேண்டியது செய்யப்பட்டது என்று அறிந்த துக்கம் ஒருநாள் ஆறும். செய்திருக்கலாமே என்ற துக்கம் ஆறுவது மிகவும் கடினம்.

நல்ல சமாரியன் கதை உங்களுக்குத் தெரியும். அவன் விழுந்து கிடந்தவனை உடனே தூக்கிச் சத்திரத்துக்கு ஓடவில்லை. வழியிலேயே எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து முதலில் காயம் கட்டினான். பிறகே தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததோடும் முடிக்கவில்லை. திரும்பி வரும்போது மீதியையும் தருவதாகச் சொல்லிப் போனான். ஒருமுறை கொடுத்துத் தீர்ந்துபோகிற உதவி அல்ல அது.

எங்கள் விண்ணப்பமும் அப்படிப்பட்டதே. கட்டில் கொடுத்தால் அதில் உங்கள் பெயர் எழுதுவோம். இந்த வகுப்பில் பெயர் எழுத இடமில்லை. பொம்மையின் நுரையீரல் பைகள் கிழியும், முகமூடிகள் தேயும், பயிற்றுநருக்குப் பஸ் கட்டணமும் எல்லாருக்கும் மதியச் சாப்பாடும் வேண்டும். இவ்வருஷம் கொடுத்தது அடுத்த வருஷம் மறுபடியும் வேண்டியிருக்கும். கைகள் மறப்பதால் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். சலித்துக்கொள்ளாதிருங்கள்.

கூட்டம் முடிந்தபின் பொம்மை பின் அறையில் இருக்கும். விருப்பமுள்ளவர்கள் மண்டியிட்டு ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். எவ்வளவு நீண்ட நிமிடம் அது என்று தெரியும். ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் காப்பாராக.