தோலில் ஒரு சிறு வட்டம்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன். ஆயினும் ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் பயிற்றுவித்த ஒருவன் மருந்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாதது அன்று. நம் சமணப் புலவர்களாகிய கணிமேதாவியாரும் காரியாசானும் தம் அறநூல்களுக்கு மருந்துகளின் பெயர்களையே சூட்டினர். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தும் ஒன்று. மருந்தை ஈவதைப் போலவே மருந்தைப் பற்றிய நல்ல செய்தியை ஈவதும் அத்தானத்தின்பாற்படும் என்னும் துணிவில், நெடுநாள் குருதிநோய் உடையோர்க்குத் தோலில் வரும் பூஞ்சைத் தொற்றைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய நம் பகுதிகளின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுதும் உண்டு. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் கனத்த காலணியும் சீருடையும் அணிந்து நாளெல்லாம் வியர்க்க உழைப்போர் மிகுதி. மழைக்காலத்தில் தெருவே நீர்நிலையாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதி மக்கள் எண்ணெய் படர்ந்த வெள்ளத்தில் நடக்க நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. ஈரமும் வெப்பமும் கூடும் இடத்தில் பூஞ்சை செழிக்கும். ஆகவே படர்தாமரையும், தேமலும், கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் இங்கே வீட்டுக்கு வீடு உள்ளவைதாம். படர்தாமரையை வண்டுகடி என்று சொல்லி, "தானே போய்விடும்" எனப் பலரும் விட்டுவிடுகின்றனர்.

நலமுடையோர்க்கு இவை பெரும்பாலும் அரிப்பும் அல்லலுமே. ஆனால் இரத்தப் புற்றுநோய், ஏபிளாஸ்டிக் அனீமியா, தலசீமியா போன்றவற்றோடு வாழ்வோர்க்கு அவ்வாறு எண்ணிவிட முடியாது. உடலில் புகும் பூஞ்சையை முன்னின்று எதிர்ப்பவை நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள். பொதுவாக ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் இவை 1500-க்கு மேல் இருத்தல் வேண்டும். நோயினாலோ மருந்தினாலோ இவ்வெண்ணிக்கை 500-க்குக் கீழ் இறங்கினால் காவல் பெரிதும் குன்றிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். சிவப்பும் வீக்கமும் சீழும் நம் அணுக்கள் நோய்க்கிருமியோடு போரிடுவதன் அடையாளங்கள். போரிட அணுக்கள் போதாதபோது அவ்வடையாளங்களும் குறைந்துவிடும். எனவே, "பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே" என்று ஆறுதல் கொள்வது இவர்கள் திறத்தில் தகாது.

மண்ணிலும் செடிகொடிகளிலும் வாழும் பியூசேரியம் என்னும் பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். நலமுடைய ஒருவரின் கால் நகத்தில் அது ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தாலும் நகத்தளவிலேயே நின்றுவிடும். நியூட்ரோபில் மிகக் குறைந்தவர்க்கோ, நகத்தோரப் புண் வழியாகக் குருதியில் கலந்து உடலெங்கும் பரவக்கூடும். அப்போது தோலில் வலியுடைய சிவந்த புள்ளிகள் தோன்றி, அவற்றின் நடுப்பகுதி கருக்கும். இவ்வாறு தோல் நோய் நுழையும் வாயிலாகவும், உள்ளே நுழைந்ததை அறிவிக்கும் பலகையாகவும் அமைகிறது.

கறுப்புப் பூஞ்சையை நாடு முழுதும் 2021-இல் அறிந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கொரோனாவும் சர்க்கரை நோயும் சேர்ந்தவர்களையே அப்போது அது மிகுதியாகத் தாக்கியது. தலசீமியா உடையோர்க்கும் அதனால் இடருண்டு. அடிக்கடி குருதி ஏற்றுவதால் உடலில் இரும்புச்சத்து மிகும். அதனை நீக்கத் தரும் டெஃபராக்சமின் என்னும் ஊசிமருந்தைத் தனக்கு இரும்பு ஈட்டித்தரும் கருவியாகவே இப்பூஞ்சை பயன்படுத்திக்கொள்ளும். இதற்காக அம்மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. தோலில் கரிய பொருக்கு தோன்றினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் நாள்பட்ட இரத்தப் புற்றுக்கு நாள்தோறும் மாத்திரை உண்டு, வழக்கம்போல் பணிக்கும் சென்று வருகிறார். அவருடைய இடுப்பில் வட்டமாகப் படை தோன்றிற்று. மறைவிடத்தை ஒட்டியது என்பதால் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினார். மூன்றே நாளில் சிவப்பு அடங்கியது. மூன்றாம் மாதம் தொடை வரை பரவியது. அக்களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பை அடக்கும். அவ்விடத்தின் எதிர்ப்பாற்றலையும் சேர்த்து அடக்கும். பூஞ்சை தடையின்றிப் பரவும். ஸ்டீராய்டு உள்ள களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இன்றி விற்கலாகாது என 2018-இல் மத்திய அரசு விதி செய்தது. ஆயினும் கேட்பவர் கேட்டால் கொடுப்பவர் கொடுக்கவே செய்கின்றனர். மேலும், டெர்பினாஃபின் என்னும் வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத படர்தாமரைப் பூஞ்சை ஒன்று நம் நாட்டில் பரவியுள்ளது. 2020-இல் பெயரிடப்பட்ட அதன் பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

மாத்திரையையும் தாமாக வாங்கி உண்ணலாகாது. பூஞ்சைக்குத் தரும் இட்ரகோனசோல், வின்கிறிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தோடு சேர்ந்தால் நரம்புகளுக்குக் கேடு விளையும். வேறு பல மருந்துகளின் அளவையும் அது குருதியில் கூட்டிவிடும். ஆகவே தோல் மருத்துவரிடம் குருதிநோயையும், குருதிநோய் மருத்துவரிடம் தோல் படையையும் தவறாது சொல்ல வேண்டும். இட்ரகோனசோல் காப்சூலை உணவோடு உண்ண வேண்டும். கதிரவன் மறைந்தபின் உண்ணா நோன்புடைய நம்மவர், அந்நோன்பை முன்னதாகவே சொன்னால் மருத்துவர் வேளையை அதற்கேற்ப அமைத்துத் தருவார்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. குளித்தபின் விரலிடுக்கையும் தொடையிடுக்கையும் ஈரம்போகத் துடைக்க வேண்டும். துண்டும் உள்ளாடையும் தனித்தனியே இருத்தல் நன்று. பூசைக்கு ஈர உடை உடுத்தவர், முடிந்தவுடன் உலர் உடை மாற்ற வேண்டும். ஆலயத்தில் வெறுங்காலுடன் நடந்து வந்தபின் கால்களைக் கழுவித் துடைத்து, வெடிப்போ புண்ணோ உண்டா எனப் பார்க்க வேண்டும். சீமையகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. எதிர்ப்பாற்றல் குன்றியவரின் புண்பட்ட தோலில் பச்சிலை எதையும் பூசுதல் வேண்டா. மண்ணின் கிருமிகளும் அதனோடு சேரும். புதிய புள்ளியோடு 100.4 டிகிரி காய்ச்சலும் இருந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் பகுதியினர்க்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

நோயுற்றவர் தம் படையை மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நம்முடைய முகச்சுளிப்பே. "தொட்டால் ஒட்டும்" என ஒதுக்கினால் அவர் சொல்லமாட்டார். சொல்லாதபோது காலம் தாழும். காலம் தாழ்ந்தால் உயிருக்கே இடர் வரலாம். துண்டைத் தனியே வைப்பது தூய்மை. மனிதரைத் தனியே வைப்பது இன்னா செய்தல். உங்கள் இல்லத்தில் இத்தகையோர் எவரேனும் இருந்தால், "தோலில் ஏதேனும் புதிதாக உண்டா?" என்று இன்றே அன்போடு கேளுங்கள். அக்கேள்வியும் ஔடத தானமே.