தெருக்காரர்களின் சாட்சி

இத்துறையில் எனக்கு முன்னே நடந்த பெரியவர்கள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமை தாங்க என்னை அழைத்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, நா சற்று உலர்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

குற்ற வரலாற்றை ஒட்டிய இருள் சுற்றுலாவை உள்ளூர் மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே இம்மாநாட்டின் பொருள். லெனனும் ஃபோலியும் 1996இல் தொடங்கிவைத்த விவாதத்தையும், இத்தகைய தலங்களைக் கருமையின் அளவுப்படி வரிசைப்படுத்த ஃபிலிப் ஸ்டோன் 2006இல் வகுத்த நிறமாலையையும் இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெடலின் நகரில் பாப்லோ எஸ்கோபார் வாழ்ந்த மொனாக்கோ கட்டடம் 2019இல் தகர்க்கப்பட்டது, சிசிலியின் கார்லியோனே ஊர் மாஃபியாப் பெயரோடு மல்லுக்கட்டுவது ஆகியவற்றையெல்லாம் அமர்வுகளில் விரிவாகப் பேசலாம். எனக்குத் தந்த நேரத்தை ஒரே ஊருக்குக் கொடுத்துவிடுகிறேன். அது கிழக்கு லண்டனின் வைட்சேப்பல்.

1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை அங்கும் அதையொட்டிய தெருக்களிலும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் பிடிபடவில்லை. 'ஜாக் த ரிப்பர்' என்ற பெயரைச் சொல்லி வழிகாட்டிகள் இன்றும் மாலை நேரங்களில் அச்சந்துகளில் கூட்டங்களை அழைத்துப் போகிறார்கள். தெருவாசிகள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், நம்மில் பலர் உடனே சுற்றுலா ஆய்வாளர் டாக்ஸி 1975இல் போட்ட ஏணியை எடுத்து நீட்டுகிறோம்: முதலில் வரவேற்பு, பிறகு அசட்டை, அடுத்து எரிச்சல், கடைசியில் பகை. இந்த ஏணியோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. முன்பும் பேசியிருக்கிறேன். தரவு போதாது என்று நண்பர்கள் அன்போடு மறுத்தார்கள். நாம் புரட்டாத தரவு ஒன்று இருக்கிறது. 1888இன் மரண விசாரணைகளில் அண்டை அயலார் சொன்ன சாட்சியங்கள்தான் அது. அன்றைய நாளிதழ்கள் அவற்றை விரிவாக அச்சிட்டிருக்கின்றன.

ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 8 காலையில் ஆனி சாப்மனின் உடல் அதன் கொல்லையில் கிடந்தது. அந்த ஒரு வீட்டில் 17 பேர் குடியிருந்தார்கள். அமீலியா ரிச்சர்ட்சன் என்ற விதவை சரக்குப் பெட்டிகள் செய்யும் தொழில் நடத்திக்கொண்டு, அங்கே அறைகளை உள்வாடகைக்கும் விட்டிருந்தார். குடித்தனக்காரர்கள் வேளை கெட்ட வேளையில் வேலைக்குப் போய் வருவதால் வாசல் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் பூட்டுப் போடுவதில்லை. வெளியாட்கள் தகாத காரியத்துக்கு உள்ளே வருவதுண்டா என்று விசாரணை அதிகாரி வின் பாக்ஸ்டர் கேட்கிறார். அப்படி ஒன்றும் தமக்குத் தெரியாது என்கிறார் தாய் அமீலியா. வந்தவர்களைத் தானே விரட்டியதாகச் சொல்கிறார் மகன் ஜான். ரிப்பர் ஆய்வாளர்கள் மகனின் சாட்சியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். விடியுமுன் அவர் கொல்லைப் படியில் உட்கார்ந்து பூட்ஸ் தோலைக் கத்தியால் அறுத்தார், அப்போது உடல் அங்கே இருந்ததா இல்லையா என்று இறந்த நேரத்தைக் கணக்கிடவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் மை செலவழிந்திருக்கிறது. எனக்குத் தாயின் 'இல்லை'தான் பெரிய ஆவணம். அடுத்த வாரமும் அவர் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அறைக்கு ஆள் வந்தாக வேண்டும். வீட்டுப் பெயர் கெட்டால் பிழைப்புக் கெடும். ஊரார் மனம் அந்த ஒரு சொல்லில் பதிவாகியிருக்கிறது.

அதே நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் ஜன்னல் வழியே அந்தக் கொல்லையைக் காட்டிக் காசு வாங்கினார்கள் என்றும் நாளிதழ்கள் எழுதின. நம் நண்பர்கள் சிலருக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். தெருக்காரர்களே முதல் சுற்றுலா முகவர்கள், இன்றைய நடை அந்த மரபின் தொடர்ச்சி, இதில் புண்பட என்ன இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க மாட்டேன். வாரவாடகைக்குத் திண்டாடிய குடும்பம் வாங்கிய பென்னியையும், வேறெங்கோ இருந்து நடத்தப்படும் வியாபாரத்தின் வருமானத்தையும் ஒரே பேரேட்டில் எழுத முடியாது. கூச்சம், காசு, அச்சம், ஆத்திரம் எல்லாமே ஒரே தெருவில் ஒரே வாரத்தில் இருந்தன. 'தோல் ஏப்ரன்' என்ற யூதனே கொலைகாரன் என்று வதந்தி கிளம்பியதும் யூதக் குடும்பங்கள் தெருவில் வசவு வாங்கின. தீயொழுக்க விடுதிகளை மூடக் கோரி விக்டோரியா அரசிக்குச் சமூகச் சேவகி ஹென்ரியெட்டா பார்னெட் முன்னின்று திரட்டிய விண்ணப்பத்தில் ஏறத்தாழ 4,000 பெண்கள் கையொப்பமிட்டார்கள். இதில் எது ஏணியின் எந்தப் படி?

காலம் போகப்போகக் கருமை வெளிறும் என்ற வாதத்துக்கு வருகிறேன். மேரி ஆன் நிக்கல்ஸ் கொல்லப்பட்ட பக்ஸ் ரோ, அங்கு வாழ்ந்தோர் அந்தப் பெயரைச் சுமக்க மறுத்ததால் 1892இல் டர்வர்ட் தெரு ஆயிற்று. இன்னொரு கொலை நடந்த டார்செட் தெரு 1904இல் டூவல் தெரு ஆயிற்று. டென் பெல்ஸ் மதுக்கடைக்கு 1976இல் கொலைகாரன் பெயரையே வைத்தார்கள். பெண்கள் போராடி 1988இல் பழைய பெயரை மீட்டார்கள். 2015இல், கொலைகள் நடந்து 127 ஆண்டுகளுக்குப் பிறகு, கேபிள் தெருவில் ரிப்பர் அருங்காட்சியகம் திறந்தபோது வாசலிலேயே எதிர்ப்புக் கூட்டம் நின்றது. கிழக்கு லண்டன் பெண்களின் வரலாற்றைச் சொல்லப் போவதாகத்தான் அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். கூடியவர்களை வதைத்தது பழைய ரத்தம் மட்டுமல்ல. தங்களிடம் ஒன்று சொல்லி வேறொன்றைச் செய்துவிட்டார்கள் என்பதுதான். ஸ்டோனின் நிறமாலையில் இந்தக் கோபத்துக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவருகிறேன். வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் அந்த ஐந்து பெண்களின் வாழ்க்கையை, கொன்றவனை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுதிக் காட்டினார். அது நம் துறைக்கு வெளியே உள்ள நூல் என்று ஒதுக்கியவர்கள் மறுபடி ஒருமுறை வாசிக்க வேண்டுகிறேன்.

குற்றத்தை நினைவுகூர அவ்வூரார் மறுக்கிறார்களா என்றால், இல்லை. 1978 மே 4 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிய வங்காளத் தையல் தொழிலாளி அல்தாப் அலி அட்லர் தெருவில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னே மழையில் நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தை ஒட்டிய பூங்காவுக்கு 1998இல் அவர் பெயர் வந்தது; மே 4 அன்று இன்றும் அங்கே கூடுகிறார்கள். பேரக்குழந்தைகளையும் அழைத்துவருகிறார்கள். ரிப்பர் நடை தொடங்கும் இடங்களிலிருந்து அந்தப் பூங்கா கூப்பிடு தூரம்தான். அங்கே குடியிருப்பவர்களிடம் 'சுற்றுலாவை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா' என்று இரண்டே கட்டம் போட்ட வினாத்தாளை நீட்டிவிட்டு, 'உள்ளூர் மனப்பான்மை கலவையாக உள்ளது' என்று முடிவுரை எழுதுகிறோம். எந்தக் கொலையை, யார் சொல்லி, யார் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்பது என்று நாம் கேட்பதே இல்லை.

இன்று மதிய அமர்வில் நம் மாநாட்டின் பொது வினாத்தாள் ஒப்புதலுக்கு வருகிறது. அதன் முதல் கேள்வியை நீக்கிவிட்டு, 'உங்கள் தெருவில் நீங்களே நினைவுகூரும் குற்றம் எது?' என்று தொடங்க வேண்டுமென்று தலைவர் என்ற முறையில் முன்மொழிகிறேன். மறுப்புடையவர்கள் அங்கே எழுந்து பேசுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.