சிலுவையை இறக்கிய ஆலயம்



ஞானஸ்நானம் பெற்ற பிறகும் கோயிலுக்குள் தனி இடம், செத்தால் தனிக் கல்லறை. இதை நம் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுதுவார்கள். நம் தோழரின் நினைவு நாளான இன்று நான் கேட்க வந்தது வேறொன்று. ஒரு திருச்சபை உண்மையாகவே கதவைத் திறந்தால் எதையெல்லாம் இழக்க வேண்டியிருக்கும்? அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கிளைட் மெமோரியல் ஆலயத்தை வைத்து இதைப் பேசுகிறேன்.

லிஸ்ஸி கிளைட் என்ற பணக்கார அம்மையார் கணவர் நினைவாகக் கட்டிய மெதடிஸ்ட் ஆலயம் அது. 1963இல் செசில் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் போதகர் அங்கே வந்தபோது, சபையில் மிச்சமிருந்தவர்கள் ஒரு கையளவு வெள்ளையர்கள். ஆலயத்தைச் சுற்றியிருந்த டெண்டர்லாயின் பகுதியிலோ வீடற்றவர்கள், பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், போதையில் சிக்கியவர்கள். தெருவில் இருந்த யாரும் உள்ளே இல்லை.

1967இல் வில்லியம்ஸ் பலிபீடத்துக்கு மேலிருந்த சிலுவையை இறக்கினார். அது சாவின் சின்னம், நாம் வாழ்வைக் கொண்டாட வேண்டும் என்றார். பழைய விசுவாசிகள் பதறினார்கள். ஞாயிறு ஆராதனையில் ஜாஸ் இசை வந்தது. தெரு உள்ளே வந்தது. சபை 10,000 பேருக்கும் மேலாக வளர்ந்தது. அடித்தளத்தில் ஆண்டு முழுக்க இலவசச் சாப்பாடு. கிராக் கொக்கெய்ன் கறுப்பின மக்களைச் சூறையாடிய 1980களில் மீட்புக் குழுக்கள்.

இலக்கிய மேடையில் இதை ஏன் பேசுகிறேன்? இந்த வேலைகளையெல்லாம் கட்டியெழுப்பியவர் ஒரு கவிஞர். ஜானிஸ் மிரிகிதானி. ஜப்பானிய வம்சாவளியினர். கைக்குழந்தையாக இருந்தபோதே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குடும்பத்தோடு ஆர்கன்சாவில் உள்ள ரோவர் முகாமில் அடைக்கப்பட்டவர். சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவர். அதை மேடையில் சொன்னார். அவர் சொன்னதும் மற்ற பெண்கள் வாய் திறந்தார்கள். முகாமைப் பற்றி நாற்பது ஆண்டுகள் பேசாத அவருடைய தாய் 1981இல் அரசு விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியத்தையே மகள் கவிதையாக்கினார். நம் தன்வரலாறுகள் பிறந்த இடமும் இதுதானே? சபையில் பாவ அறிக்கை கேட்டுப் பழகியவர்கள் நாம். அங்கே பாதிக்கப்பட்டவர் தனக்கு நடந்ததைச் சொல்கிறார், அறிக்கையிட வேண்டிய பாவம் செய்தவனுடையது.

எனக்கு உறுத்துவதும் ஒன்று உண்டு. அந்த இலவசச் சாப்பாட்டுக்கு வந்த பெரும்பணத்தில் ஒரு பகுதி, கோடீசுவரர் வாரன் பஃபெட்டுடன் ஒரு மதிய உணவு சாப்பிட நடந்த ஏலத்தில் கிடைத்தது. 2022இல் நடந்த ஏலம் 1.9 கோடி டாலருக்குப் போனது. ஒரே பந்தியில் உட்காருவதைப் பற்றி நமக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா?

மெதடிஸ்ட் திருச்சபையோடு 2018இல் மோதல் முற்றியது. அங்கே வருகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்களே அல்ல என்பது பேராயரின் குறைகளில் ஒன்று. கடைசியில் கிளைட் அந்தத் திருச்சபையை விட்டு வெளியேறியது. மிரிகிதானி 2021இலும் வில்லியம்ஸ் 2024இலும் காலமானார்கள். சாப்பாட்டு வரிசை இன்னும் நிற்கிறது. வரிசையில் நிற்பவரிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.