மருந்தின் முதற் சோதனை

கொழும்புத்துறைக் கரையிற் புதிதாகக் கட்டி முடித்த வள்ளத்தை எவரும் முதல் நாளிலேயே தொலைதூரம் செலுத்துவதில்லை. ஆழம் குறைந்த கடனீரேரியில் மிதக்கவிட்டு, நீர் கசிகின்றதா, ஒருபுறம் சரிகின்றதா என்று பார்ப்பார்கள். குறை தெரிந்தாற் கரை அண்மையில் இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். புதிய மருந்துக்கும் அத்தகைய ஆழமற்ற நீர் ஒன்று வேண்டும்.

நெடுங்காலமாக அந்த இடத்தை வகித்து வந்தவை எலி, முயல், நாய் முதலிய விலங்குகளே. ஆயினும் எலியின் ஈரல் மனிதனின் ஈரல் அன்று. விலங்குகளிடத்துத் தேறி, மனிதரிடம் சோதிக்கப்படும் நிலையை எட்டும் மருந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இறுதியிற் கைவிடப்படுகின்றன. சில மருந்துகளின் தீங்கு, அவை விற்பனைக்கு வந்த பின்னரே வெளிப்பட்டது. நீரிழிவுக்கென ஐக்கிய அமெரிக்காவில் 1997 ஆம் ஆண்டு அனுமதிக்கப்பெற்ற ட்ரோகிளிட்டசோன் என்னும் மருந்து, உண்டவர்கள் சிலரின் ஈரலைக் கெடுத்தமையால் 2000 ஆம் ஆண்டில் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. அதற்குள் துன்புற்றவர்கள் நோயாளிகளே.

இக்குறையைப் போக்க விஞ்ஞானிகள் கண்ட வழிகளுள் ஒன்று, மனித உறுப்பின் சிறு மாதிரியை அச்சிடுதல். அச்சு என்றதும் தாளும் மையும் நினைவுக்கு வரும். இங்கே மையாக அமைவது, உயிருள்ள மனிதக் கலங்களைக் கூழ் போன்ற பொருளோடு சேர்த்த கலவை. கபில நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அல்ஜினேற்று அத்தகைய பொருள்களுள் ஒன்று. கல்சியம் சேர்ந்ததும் அது இறுகும். இடியப்ப உரலிலிருந்து மா இழை இழையாக இறங்குவது போல, கணினியின் கட்டளைப்படி இக்கலவை நுண்ணிய முனையிலிருந்து இறங்கி, அடுக்கடுக்காகப் படிகிறது. பின்னர் ஊட்டநீரில் வைத்துப் பேணப்படும்போது கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து இழையமாகின்றன.

பெங்களூரில் 2011 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பண்டோரம் என்னும் நிறுவனம், இவ்வாறு அச்சிட்ட ஈரல் இழையத்தை 2015 டிசம்பரில் அறிவித்தது. ஈரலைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் ஈரலுக்கே செல்கிறது. பெரும்பாலான மருந்துகள் மாற்றமடைவதும் அங்கேதான்.

நோயை ஆராயவும் இம்முறை துணைபுரிகிறது. தோற் கலத்தை எவ்வகைக் கலமாகவும் வளரவல்ல முதல்நிலைக்குத் திருப்பலாம் என்பதை 2007 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் யமனாக்காவின் குழுவினர் மனிதக் கலங்களிற் காட்டினர். ஆகவே பரம்பரை நோயுற்ற ஒருவரின் தோற் கலத்திலிருந்தே அவருடைய ஈரலின் மாதிரியை அமைத்து, மருந்துகளை அதன்மேல் முதலிற் சோதிக்கலாம்.

சட்டமும் இதற்கு வழிவிட்டிருக்கிறது. புதுமருந்தை விலங்குகளிற் சோதித்தே ஆகவேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தை ஐக்கிய அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. 2023 இல் இந்தியாவும் தன் விதிகளைத் திருத்தி, இத்தகைய மாதிரிகளுக்கு இடமளித்தது.

எனினும் இதன் எல்லையை மறத்தலாகாது. குருதிக் குழாய்கள் இல்லாத இழையம் சற்றுத் தடித்தாலும் உட்புறக் கலங்கள் ஒட்சிசன் இன்றி மடியும். தனித்த ஈரல், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நேரக்கூடியதைச் சொல்லாது. சில வாரங்களே வாழும் இழையம், ஆண்டுக்கணக்கில் மருந்துண்பவரின் நிலையை முழுதும் உணர்த்தாது. இறுதிச் சோதனை மனிதரிடமே நடைபெற்றாக வேண்டும். அதற்கு இசைந்து முதலில் முன்வருபவர், பிறர் நலத்துக்காகத் தம் உடலை ஒப்புக்கொடுப்பவர். முன்னரே அறிந்து தவிர்க்கக்கூடிய ஆபத்தை அவர்மேற் சுமத்தாதிருப்பது மருத்துவத்தின் கடமை. அச்சிட்ட இழையத்தின் பயன், அக்கடமைக்குத் துணை நிற்பதிலேயே உள்ளது.